ராஜினாமா அண்ணை

உலகத்தில் பிரதமர்களும் மந்திரிகளும் கிரிக்கெட் கேப்டன்களும் இதுவரை செய்த ராஜினாமாக்களையெல்லாம் ஒரு தட்டில் வைத்து, ஜெர்மனியில் ஹம் என்ற ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு மனிதர் செய்ததை மறு தட்டில் வைத்தால், இவருடைய தட்டு தரையில் போய் இடிக்கும். மந்திரிகளாவது யாராவது வற்புறுத்திய பிறகு ராஜினாமா செய்வார்கள். இவரை ஒருவரும் கேட்டதே இல்லை.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். பாஸ்போர்ட்டில் இருந்திருக்கும். ஆனால் ஹம் ரயில் நிலையத்தில் இறங்கி எந்தத் தமிழரிடம் விசாரித்தாலும் 'ராஜினாமா அண்ணை' என்று சொன்னால்தான் வழி காட்டுவார்கள். ஜெர்மன்காரர்கள் அதை அவருடைய குடும்பப் பெயர் என்றே முடிவு செய்துவிட்டார்கள். "குட்டன் டாக், ஹெர் ராஜினாமா" என்று மிகுந்த மரியாதையோடு கைகுலுக்குவார்கள். அவரும் தலையை ஆட்டி ஏற்றுக்கொள்வார்.

இரண்டாயிரங்களின் முதல் பாதியில் மதுரைக்காரனான நான் கம்ப்யூட்டர் வேலைக்காக டோர்ட்மண்ட் போனேன். வாடகை குறைவு என்று பக்கத்தில் ஹம்மில் வீடு எடுத்தேன். காலையில் ரயிலேறினால் இருட்டு, மாலையில் இறங்கினால் இருட்டு. எனக்காவது ஆபீஸ் இருந்தது. கல்யாணமாகிப் புதிதாக வந்த மாலதிக்கு நான்கு சுவரும் ஒரு ஹீட்டரும்தான். ஹீட்டர் 'டிக்' என்று சத்தம் போட்டால் "என்ன?" என்று அதனிடம் கேட்கும் நிலைக்கு வந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து மதுரையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த மிக்சி புகையைக் கக்கிவிட்டு நின்றுபோனது.

"இதுவும் போச்சு. இனிமே எனக்கு இங்க என்ன இருக்கு? டிக்கெட் போட்டுக் குடுங்க, நான் ஊருக்குப் போறேன்" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வெளியே வைத்துவிட்டுச் சொன்னாள்.

எங்கள் கட்டிடத்தின் மாடிப்படி அருகே ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. சனிக்கிழமைகளில் பொதுப் பட்டறை. உடைந்ததைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து பழுதுபார்ப்போம், காப்பி உண்டு. மிக்சியை ஒரு துண்டில் சுற்றி, அடிபட்ட பூனைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போவது போல் இரண்டு பேரும் போனோம்.

அது ஒரு பழைய தீயணைப்பு வண்டிக் கொட்டகை. வண்டி எப்போதோ போய்விட்டது, பெரிய சிவப்புக் கதவு மட்டும் மிச்சம். நகரசபை அதை ஒரு சங்கத்துக்குக் கொடுத்திருந்தது. ஜெர்மனியில் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் ஆரம்பித்துவிடலாம், ஃபெரைன் என்பார்கள். முயல் வளர்ப்பவர்களுக்கு ஒரு ஃபெரைன், தாடி வளர்ப்பவர்களுக்கு ஒரு ஃபெரைன். இது பட்டறை ஃபெரைன். கொட்டகையின் ஒரு பாதியில் தச்சு மேசையும் ரம்பமும், மறு பாதியில் தையல் மெஷின்கள், நடுவில் ஓர் அடுப்பும் காப்பி மேசையும். முதியோர் இல்லத்து நாற்காலிக்குக் கால் போடுவார்கள். பாலர் பள்ளிக்கு பெஞ்சு செய்வார்கள். தனியாக இருப்பவர்கள் உடையாத சாமானைக்கூட உடைந்ததாகச் சொல்லிக் கொண்டுவருவார்கள்.

மூன்று பேர்தான் அதைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். தலைவி ஃபிராவ் லேமன், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர். சிரிப்பதற்குக்கூட சங்கத்தின் விதிமுறையில் இடமிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார். தச்சுப் பக்கத்துக்கு ஹெர் வோல்ட்டர், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், மனைவியை இழந்தவர், கதவைப் போல அகலமானவர். தையல் பக்கத்துக்கு ஜெசிந்தா அக்கா, மன்னார்க்காரி, முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. நெஞ்சு நிறைய அன்பும் தொண்டை நிறைய சத்தமும் உள்ளவர்.

இந்த மூவருக்கும் நடுவில், இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் நீல மேலங்கி போட்டு, காதில் பென்சிலோடு நின்றவர்தான் நம் ஆள்.

துண்டைப் பிரித்ததும், "ஆ! மிக்சி!" என்று கூவினார். "இஞ்ச தாங்கோ. உதைக் கண்டு எத்தனை காலம்!" என்று வாங்கி, நான் கண் சிமிட்டுவதற்குள் அதைச் சுக்குநூறாகப் பிரித்து மேசையில் பரப்பிவிட்டார். மாலதி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது பின்னால் ஹெர் வோல்ட்டருக்கும் ஃபிராவ் லேமனுக்கும் பேச்சு தடித்தது. புழுக்கமாக இருக்கிறது, கதவைத் திற என்று அவர். அடுப்பு எரியும்போது கதவைத் திறக்கக் கூடாது என்று இவர். குரல்கள் ஏறின. நம் ஆள் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். காப்பி மேசைக்குப் போனார். ஒரு டப்பாவைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தார்.

"சீனி எங்க?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கோப்பிக்குச் சீனி வைக்கத் தெரியாத ஃபெரைனில எனக்கென்ன வேலை? நான் விலகுறன்!" தமிழில் ஒரு முறை, ஜெர்மனில் ஒரு முறை. மேலங்கியைக் கழற்றி நான்காக மடித்து வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

சண்டை போட்ட இருவரும் கதவை மறந்து சீனி தேட ஆரம்பித்தார்கள். எங்கள் மிக்சி அநாதையாகக் கிடக்கிறதே! எதிரே பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். குளிரில் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றிருந்தார்.

"அண்ணா, ப்ளீஸ், உள்ள வாங்க."

"தம்பி ஆர்?"

"மிக்சி கொண்டு வந்தேனே."

"ஓ. அதைப் பிரிச்சுப்போட்டு வந்திட்டன், என்ன?"

"ஆமாண்ணா."

சிறிது யோசித்தார். சனிக்கிழமை பஸ் மணிக்கு ஒன்றுதான். "சரி, வாறன். ஆனா ஒண்டு விளங்கிக்கொள்ளும். மிக்சிக்காகத்தான் வாறன். ஃபெரைனுக்காக இல்லை."

திரும்பிப் போனபோது சீனி மேசையில் இருந்தது. வோல்ட்டரும் லேமனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மிக்சியும் சரியானது. முழுதாகச் சரியானது என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு அது பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினால்தான் ஓடும். நிறுத்துவதற்குப் பிளக்கைப் பிடுங்க வேண்டும். அண்ணையின் கைவேலை எல்லாமே அப்படித்தான். அவர் சரிசெய்த கடிகாரம் நேரம் காட்டும், ஆனால் படுக்கவைத்தால்தான். குடை விரியும், பிறகு மடங்காது. அதனால்தானோ என்னவோ, ஒருமுறை வந்தவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

மாலதி பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அடுத்த சனிக்கிழமை ஜெசிந்தா அக்காவின் பக்கத்தில் ஒரு தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நேராகத் தைக்க வரவில்லை. "பரவாயில்லை பிள்ளை, ஆறும் வளைஞ்சுதானே ஓடுது" என்றார் அக்கா. ஹீட்டரோடு பேசிக்கொண்டிருந்தவள் இப்போது வாரம் முழுக்கச் சனிக்கிழமையைப் பற்றியே பேசினாள்.

ராஜினாமாக்கள் தொடர்ந்தன. சுத்தியலைத் தப்பான ஆணியில் மாட்டியதற்கு ஒன்று. கேக் துண்டுகள் ஒரே அளவில் இல்லாததற்கு ஒன்று. ஹெர் வோல்ட்டர் தும்மியபோது யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை என்று, அவர் சார்பாக ஒன்று.

விதிமுறை தப்பாத ஃபிராவ் லேமன் ஒருநாள் பொறுமை இழந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஹெர் ராஜினாமா, வாயால் சொன்னால் விலகல் செல்லாது. எழுத்தில் தர வேண்டும். தந்தாலும் மூன்று மாத அவகாசம் உண்டு, காலாண்டு முடிவில்தான் நடைமுறைக்கு வரும்."

"வாயால சொன்னாக் காணாதோ? எங்கட ஊரில கலியாணமே வாயாலதான் பேசி முடிக்கிறது!" என்று என்னைப் பார்த்துத் தமிழில் பொரிந்துவிட்டு, அவரிடம் ஜெர்மனில் கேட்டார்: "அந்த மூன்று மாதமும்?"

"அதுவரை நீங்கள் உறுப்பினர். அடுத்த வாரம் கேக் கொண்டுவருவது உங்கள் முறை."

அந்த அநியாயத்தைக் கண்டித்து அங்கேயே மறுபடியும் ராஜினாமா செய்தார். அடுத்த வாரம் கேக்கும் கொண்டுவந்தார்.

அவருடைய மனைவி சரோ அக்காவிடம் நான் ஒருமுறை கேட்டேன். "வீட்ல எப்படிக்கா?"

"வீட்டிலயோ? போன கிழமை என்னட்டையும் ராஜினாமா செய்தவர். புளி கூடிப்போச்சாம். இறங்கிப் போனார். திரும்பி வரேக்க கையில பால் பெட்டி. 'ஏனப்பா வந்தனீங்கள்?' எண்டன். 'பால் முடிஞ்சுதெண்டு காலமை சொன்னனீர் எல்லோ' எண்டார்."

இதில் விசித்திரம், வேலை செய்யும் இடத்தில் அவர் ராஜினாமா செய்ததே இல்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் ஒன்றில் விடியற்காலை ஷிப்டு. மேலதிகாரி என்ன கத்தினாலும் "யா, யா" என்று போர்வைகளை மடித்துக்கொண்டே இருப்பாராம்.

முதலில் விஷயத்தைக் கண்டுபிடித்தது மாலதிதான். பாலர் பள்ளி பெஞ்சுக்கு என்ன நிறம் அடிப்பது என்று வோல்ட்டருக்கும் லேமனுக்கும் முட்டிக்கொண்டது. பச்சை என்றார் ஒருவர், மஞ்சள் என்றார் மற்றவர். "இனி உங்களோடு பேச்சே இல்லை" என்ற அளவுக்குப் போனது. சரியாக அந்த நொடியில், காப்பியைக் காகிதக் கோப்பையில் கொடுத்ததற்காக அண்ணை ராஜினாமா செய்துவிட்டுப் போனார். வோல்ட்டர் ஒரு பக்கமும் லேமன் மறு பக்கமுமாக அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, பீங்கான் கோப்பை தேடிக் கழுவி, காப்பி ஊற்றி முடிப்பதற்குள் பெஞ்சைப் பார்க்க வந்திருந்த பாலர் பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பெயின்ட் டப்பாவையும் திறந்து பெஞ்சில் கொட்டிவிட்டார்கள். பெஞ்சு ஒரு கிளியைப் போலிருந்தது. பெரியவர்கள் இருவரும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் மாலதி சொன்னாள். "கவனிச்சீங்களா? அவரு தனக்குக் கோபம் வந்தா ராஜினாமா பண்றதில்ல. மத்தவங்களுக்குக் கோபம் வந்தாத்தான் பண்றாரு."

"சும்மா இரு. அந்த மனுஷனுக்கு அவ்வளவு யோசனையெல்லாம் கிடையாது" என்றேன். ஆனால் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். ஊர்த் தமிழர்களின் விளையாட்டுப் போட்டியில், கயிறு இழுப்பில் இரண்டு அணியும் கைகலப்பு வரை போனபோது நடுவராக இருந்து ராஜினாமா. கிறிஸ்துமஸ் பாட்டுக்குழுவில் இரண்டு பேர் ஒரே பாட்டைத் தனியாகப் பாட வேண்டும் என்று நின்றபோது, பாடவே தெரியாத இவர் ராஜினாமா. எல்லா இடத்திலும் இரண்டு கட்சியும் சேர்ந்து இவர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வசந்தத்தில்தான் பெரிய விபத்து நடந்தது.

ஜெசிந்தா அக்காவின் மகள் டிலானிக்கு முதல் நன்மை. தேவாலயத்தில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள் அது. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு பெண் பிள்ளைகள் வெள்ளைவெளேரென்ற நீளச் சட்டையில் வரிசையாக நடந்து போவார்கள். கடையில் வாங்கிய சட்டை தன் மகளுக்கு ஆகாது என்று அக்கா தன் கையாலேயே தைத்தார். அதற்கு இரவல் வாங்கிய கைகளில் மாலதியுடையதும் உண்டு. மணி மணியாகப் பொத்தான் வைத்தது அவள்தான். அந்தச் சனிக்கிழமை கடைசி இஸ்திரி. மறுநாள் விழா.

இஸ்திரி மேசை தையல் பக்கத்திலிருந்து கொஞ்சம் தச்சுப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. ஹெர் வோல்ட்டர் தோளில் ஒரு நீளப் பலகையோடு வந்தார். யாரோ கூப்பிட்டார்கள். திரும்பினார். பலகையின் வால் சுழன்று போய் அலமாரியில் இடித்தது. மரத்துக்குப் பூசும் எண்ணெய் டப்பா ஒன்று மெதுவாக, நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சாய்ந்து, கவிழ்ந்து, சட்டையின் மார்புப் பகுதியில் கொட்டியது.

ஜெசிந்தா அக்கா கத்தியது பக்கத்து ஊருக்குக் கேட்டிருக்கும். வோல்ட்டர் முதலில் மன்னிப்புத்தான் கேட்டார். ஆனால் அக்கா, "உங்களுக்குக் கண் இல்லையா? இது பட்டறையா, மாட்டுக் கொட்டகையா?" என்று ஜெர்மனில் விளாசியதும் அவருக்கும் ஏறிவிட்டது. "இஸ்திரி மேசையை என் பக்கத்தில் வைத்தது யார்? இந்தத் துணிகள் வந்த நாளிலிருந்து நான் மூச்சுவிட்டுத் திரும்ப முடிகிறதா?"

"துணிகளா, நாங்களா?" என்றார் அக்கா.

வோல்ட்டரின் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. தையல் பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக மெஷினுக்கு உறை போட ஆரம்பித்தார்கள். மெஷின்கள் அவர்களுடையவை, எடுத்துக்கொண்டு போனால் பட்டறையில் பாதி காலி. ஃபிராவ் லேமன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எனக்குக் களைப்பாக இருக்கிறது. திங்கட்கிழமை சாவியை நகரசபையிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்" என்றார். அவர் விதிமுறை எதையும் எடுத்துக்காட்டாமல் பேசி நான் கேட்டது அன்றுதான்.

மாலதியைப் பார்த்தேன். ஹீட்டரோடு பேசிய நாட்களின் முகம் அப்படியே திரும்பி வந்திருந்தது.

எல்லோருடைய கண்ணும் தானாகவே ராஜினாமா அண்ணையின் பக்கம் போனது. அவர் காதில் பென்சிலோடு அசையாமல் நின்றார்.

மாலதி பக்கத்தில் போய்க் கெஞ்சினாள். "அண்ணே, ராஜினாமா பண்ணுங்கண்ணே! சீக்கிரம்!"

அவர் தலையை ஆட்டி மறுத்தார். "இப்ப ஏலாது பிள்ளை. இப்ப நான் போனா ஆரும் பின்னால வரமாட்டினம்."

பிறகு அவர் செய்ததை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசும். நேராக இஸ்திரி மேசைக்குப் போனார். ஜெசிந்தா அக்காவின் பெரிய கத்தரிக்கோலை எடுத்தார். சட்டையைத் தூக்கிப் பிடித்து, கறைபட்ட மார்புத் துணியை 'சரக் சரக்' என்று வெட்டித் தனியாக எடுத்துவிட்டார்.

"ஐயோ! அண்ணை! என்ன வேலை பாத்தனீங்கள்!" ஜெசிந்தா அக்கா அப்படியே நாற்காலியில் விழுந்துவிட்டார். "நெய்ன்!" என்று வோல்ட்டர் பாய்ந்து வந்து கத்தரிக்கோலைப் பிடுங்கினார். லேமன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

அண்ணை நடுவில் பெரிய ஓட்டையோடு சட்டையைத் தூக்கிக் காட்டினார். "கறை போயிட்டுது. இப்ப ஓட்டைதான் இருக்கு. கறைக்குச் சண்டை பிடிக்கலாம். ஓட்டையை அடைக்கத்தான் வேணும். நாளைக்குக் காலமை பிள்ளை கோயிலுக்குப் போகவேணும்." அதையே ஜெர்மனிலும் சொன்னார்; இலக்கணம் எல்லாம் தப்பு, ஒரு வார்த்தைகூட விளங்காமல் போகவில்லை.

பிறகு ஜெசிந்தா அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அண்ணையின் கையிலிருந்து சட்டையைப் பிடுங்கினார். "இப்பிடியே வெட்டுறது? கோணலா வெட்டி வச்சிருக்கிறியள்! இதே துணி இனி எங்க கிடைக்கும்? கடையெல்லாம் பூட்டப்போறான்."

ஹெர் வோல்ட்டர் ஓட்டையை உற்றுப் பார்த்தார். தச்சர்கள் அளவெடுப்பது போல் விரலால் சாண் போட்டுப் பார்த்தார். வெளியே போய்த் தன் சைக்கிளில் ஏறினார். போயே போய்விட்டார் என்றுதான் நினைத்தோம்.

திரும்பி வந்தபோது அவர் கழுத்தில் மாலை போல வெள்ளை லேஸ் திரை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. வரவேற்பறை ஜன்னலிலிருந்து அப்படியே கழற்றிக்கொண்டு வந்திருந்தார். வளையங்கள்கூட ஓரத்தில் கிலுகிலுத்தன. "என் மனைவி தேர்ந்தெடுத்தது. நல்ல லேஸ்" என்றார்.

அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். பூக்களும் இலைகளும். "வடிவாயிருக்கு" என்றார் தமிழில். வோல்ட்டருக்குப் புரிந்தது.

அன்று பிற்பகல் அந்தக் கொட்டகையில் யாரும் சும்மா இருக்கவில்லை. அக்கா வெட்டினார். வோல்ட்டர் தன் பெரிய கைகளால் லேஸை இழுத்துப் பிடித்துக்கொண்டார், மூச்சுவிடக்கூடப் பயந்தவராக. லேமன் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். மாலதியை மெஷினில் உட்காரவைத்து, "இதை நீர்தான் தையும் பிள்ளை. நான் பக்கத்தில நிக்கிறன்" என்றார் அக்கா. மாலதி தைத்தாள். நேர்கோடாக. ராஜினாமா அண்ணையை மட்டும் யாரும் சட்டைக்குப் பக்கத்தில் விடவில்லை. அவருக்குக் காப்பி போடும் வேலை. சீனி அதிகம்.

மறுநாள் தேவாலயத்தில் டிலானி நடந்து வந்தபோது, பல வருஷமாகத் தேவாலயப் பக்கமே போகாத ஹெர் வோல்ட்டர் முன்வரிசையில் இறுக்கமான கோட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத அம்மாளிடம், "அது எங்கள் வீட்டு ஜன்னல்" என்றார் பெருமையோடு. அந்த அம்மாள் மெதுவாகத் தள்ளி உட்கார்ந்தார்.

சில வாரம் வோல்ட்டர் வீட்டு ஜன்னல் திரையில்லாமல் கிடந்தது. தெருவில் போகிறவர்கள் அவர் தனியாகச் சாப்பிடுவதைப் பார்த்துக் கைகாட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். சிலர் மணியடித்து உள்ளேயும் போனார்கள். ஜெசிந்தா அக்கா மயில் போட்ட துணியில் புதுத் திரை தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, பகலில் அதைப் பாதிதான் இழுத்துவிட்டார்.

"அன்னிக்கு வேணும்னுதான் வெட்டினீங்களா?" என்று மாலதி அண்ணையைக் கேட்டாள்.

"கை தவறிப் போச்சுது" என்றார்.

"ரெண்டு பக்கமும் கத்தரிச்சு, கீழேயும் கத்தரிச்சு, கை தவறிச்சா?"

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார். சீவிக்கொண்டே சொன்னார். "நான் வந்த புதிசில அகதிகள் விடுதியில, ஹைமில, ஆறு பேர் ஒரு அறையில இருந்தனாங்கள். ஒண்டாச் சமைச்சு ஒண்டாச் சாப்பிட்டம். ஒருநாள் ஒரு சட்டியை அடிப்பிடிக்க விட்டது ஆரெண்டு சண்டை. அடுப்படியில துவங்கி வாசல் வரைக்கும் போச்சு. நான் கட்டிலில கிடந்து பாத்துக்கொண்டிருந்தன். நாளைக்குச் சரியாகும் எண்டு நினைச்சன். ஆறு பேரும் ஆறு பக்கம் போயிட்டம். பிறகு ஒருத்தரோடயும் ஒருத்தர் கதைக்கேல்லை. இப்ப ஒருத்தன் எங்க இருக்கிறான் எண்டுகூட எனக்குத் தெரியாது." பென்சிலை ஊதினார். "நல்ல பெடியள் பிள்ளை. ஒரு சட்டி."

மாலதி ஏதாவது கேட்பதற்குள் அவர் எழுந்து, அளவு நாடாவை யாரோ தலைகீழாகச் சுற்றி வைத்திருப்பதாகக் கண்டுபிடித்து, சத்தம் போட்டு, ராஜினாமா செய்துவிட்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டார். அன்றைக்குச் சண்டை எதுவும் இல்லை. தனக்காக ஒன்று செய்துகொண்டார் போலிருக்கிறது. ஹெர் வோல்ட்டரும் ஜெசிந்தா அக்காவும்தான் போய் அழைத்துவந்தார்கள்.

நாங்கள் ஹம்மில் மேலும் சில ஆண்டுகள் இருந்தோம். எங்கள் மகள் யாழினி அங்கேதான் பிறந்தாள். பட்டறையில் எல்லோர் மடியிலும் மாறி மாறித் தூங்கி வளர்ந்தாள். பிறகு டோர்ட்மண்ட் வேலை முடிந்து, சென்னை ஆபீசுக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

செய்தி கேட்ட நாளிலிருந்து அண்ணை என்னோடும் மாலதியோடும் பேசவில்லை. "ஆரைக் கேட்டுப் போகினமாம்?" என்று சரோ அக்காவிடம் கேட்டாராம். பிரிவு விருந்துக்கு வந்தார். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேக் சாப்பிட்டார்.

கிளம்பும் நாள் ரயில் நிலையத்துக்கும் வந்துவிட்டார். அப்போதும் எங்களைப் பார்க்கவில்லை. யாழினியிடம் மட்டும் பேசினார்.

"பிள்ளை, அப்பாட்டச் சொல்லும், ஃபிராங்க்ஃபர்ட்டில இறங்கேக்க பெட்டியளை எண்ணிப்போட்டு இறங்கச் சொல்லி."

"யாழினி, மாமாகிட்ட சொல்லு, எனக்குத் தெரியும்னு" என்றேன்.

"சொல்லும், அப்பாக்கு ஒண்டும் தெரியாதெண்டு எனக்குத் தெரியும்."

யாழினிக்கு இரண்டு வாக்கியத்தையும் சொல்லும் வயதில்லை. அவர் மீசையைப் பிடித்து இழுத்தாள். அவர் அவளுடைய தொப்பியைக் காது மறையக் கீழே இழுத்துவிட்டார், பிறகு இன்னும் கொஞ்சம்.

ரயில் வந்தது. ஏறினோம். கதவு மூடியது. மாலதி கண்ணாடியில் கையை வைத்து அசைத்தாள், நானும் அசைத்தேன். அவர் இரண்டு கையையும் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த ரயில் நேர அட்டவணையைப் படிப்பது போல் நின்றார்.

வண்டி நகர்ந்தது. அவரும் நடக்க ஆரம்பித்தார். எங்களைப் பார்க்கவில்லை, சக்கரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார், ஒரு திருகாணியாவது கழன்றிருக்கிறதா என்று சோதிப்பவர் போல. முழங்கால் வலி உள்ள மனிதர். வண்டி வேகம் எடுக்க எடுக்க அவரும் நடையை எட்டிப் போட்டார். சாமான் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார், ஒரு பெஞ்சைத் தாண்டி வந்தார். பயணிகள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

நடைமேடை முடிகிற இடத்தில் நின்றார். அது இன்னும் கொஞ்சம் நீண்டிருந்தால், இன்னும் கொஞ்சம் வந்திருப்பார்.